நாலாம் கோர்ட்டில கமரா இல்லை

எனக்குக் கொதி வந்தா முன்னுக்கு நிக்கிறது ஆர் எண்டு பாக்க மாட்டன். வீட்டில மனுசன் அதுக்கு ஒரு பட்டப்பேர் வைச்சிருக்கிறார், அதை இஞ்ச எழுத ஏலாது. ஆனா இந்த விசயத்தில நான் கொதிச்ச இடமெல்லாம் பிழையான இடம். கொதிக்க வேண்டிய இடத்தில கையைத் தூக்கி "ஓம்" எண்டு சொல்லிப்போட்டு, மீன் ரோல்ஸ் கடிச்சுக்கொண்டு இருந்தனான்.

மெல்பேணில எங்கட ஆக்கள் ரெண்டு பேர் முதல்முதல் சந்திச்சா, பேரைக் கேக்க முதல் கேக்கிறது "எந்தப் பள்ளிக்கூடம்?" எண்டுதான். வந்து முப்பது வருசம் ஆனாலும், தலை நரைச்சாலும், இந்தக் கேள்வி மட்டும் மாறாது. பள்ளிக்கூடத்தைச் சொன்னா ஊர் தெரியும், ஊர் தெரிஞ்சா மிச்சம் எல்லாம் தெரியும் எண்டு ஒரு நினைப்பு. அதால இஞ்ச ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பழைய மாணவர் சங்கம் இருக்கு. சங்கமெண்டா வருசத்தில ஒரு டினர், ஒரு கலைவிழா, பிறகு பொம்பிளையளுக்கு நெற்போல், பந்தை உயர இருக்கிற வளையத்துக்குள்ள போடுற விளையாட்டு.

வெயில் கொஞ்சம் தணியிற மாசத்தில ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோவிலுக்குக் கிட்ட நாலு கோர்ட்டை வாடகைக்கு எடுப்பம். பன்னிரண்டு பள்ளிக்கூடங்கள், காலமை தொடக்கம் பின்னேரம் வரைக்கும் விளையாடும். இருவது வயசும் ஓடும், அம்பதைத் தாண்டினதும் ஓடும். நானும் ஒரு காலத்தில ஓடினனான், இப்ப பன்னிரண்டு பள்ளிக்கூடத்துக்கும் பொதுவான கொமிட்டியில செயலாளர். எந்த ரீம் எந்தக் கோர்ட்டில எத்தினை மணிக்கு, ஆர் அம்பயர், ஆர் ஸ்கோர் எழுதிறது, எல்லாம் என்ர கையால போடுற பட்டியல். விளையாடாமல் நிக்கிற ரீம், விளையாடுற ரீமுகளுக்கு அம்பயர் குடுக்க வேணும். இந்த நாட்டுக் கிளப்புகளில உள்ள வழக்கம் அது, நாங்களும் அப்பிடியே பிடிச்சுக்கொண்டிட்டம்.

எங்கட விளையாட்டை ரிவியில காட்டிற சனல்காரர் சிட்னி ஆள். டூங்கபியில தன்ர கராஜுக்குள்ள ரெண்டு லைற்றும் ஒரு பச்சைத் துணியும் வைச்சு, இன்ரநெற்றில தமிழ் ரிவி நடத்திறார். முதல் ரெண்டு வருசமும் எங்கட நெற்போலைச் சும்மாதான் காட்டினவர். ஒரு கமராவைத் தோளில வைச்சுக்கொண்டு நாலு கோர்ட்டுக்கும் நாய் மாதிரி ஓடித் திரிஞ்சார், பாவம். மூண்டாம் வருசம் காசோட வந்தார்.

வீட்டுக் கடன் எடுத்துக் குடுக்கிற ஒருத்தர், ஒரு மளிகைக் கடை, ஒரு கலியாண மண்டபம், மூண்டு பேரும் விளம்பரம் தருகினமாம். நேரடியாய்க் காட்டிற உரிமையைத் தனக்கு எழுதித் தந்தா சங்கங்களுக்கு ஒரு தொகை குடுப்பாராம். ஆனா ரெண்டு நிபந்தனை. ஒண்டு, கமரா மூண்டும் முதலாம் கோர்ட்டிலதான் நிக்கும், அங்க ஆக்கள் கூடின பெரிய கொலிஜுகள் மட்டும் விளையாட வேணும். மற்றது, மைதானத்தில வேற ஒருத்தரும் நேரடியாய்க் காட்டக் கூடாது, கைப்போனிலயும் கூடாது.

எங்கட தலைவர் ஓய்வெடுத்த எஞ்சினியர். அவருக்கு அமெரிக்கக் கொலிஜ் விளையாட்டெண்டா உயிர். காலமை எழும்பினா ரீக் கோப்பையோட அதுக்கு முன்னாலதான் இருப்பார். கொமிட்டிக் கூட்டம் என்ர வீட்டில நடந்தது, அவர் எழும்பி நிண்டு எங்களுக்கு உலகத்தை விளங்கப்படுத்தினார்.

"அங்க பாருங்கோ தங்கச்சி, பக்கத்துப் பக்கத்து ஊர்க் கொலிஜுகள் தலைமுறை தலைமுறையாய் ஒரு கூட்டமாய் நிண்டு விளையாடினவை. கொன்பரன்ஸ் எண்டு சொல்லுறது. இப்ப ரிவிக்காரர் காசைக் காட்டின உடன பெரிய கொலிஜெல்லாம் கழண்டு போய் வேற கூட்டத்தில சேந்திட்டுது. மேற்குக் கரையில இருக்கிற கொலிஜ் கிழக்குக் கரைக்குப் பறந்து போய் விளையாடுது. எதைச் சனம் பாக்குதோ அதுக்குத்தான் காசு. நாங்கள் மட்டும் பழைய மாதிரி நிண்டா காணுமோ?"

"அப்ப மிஞ்சின சின்னக் கொலிஜுகள் என்ன செய்யிறது?" எண்டு ஒருத்தர் கேட்டார்.

"அவை அவைக்கு ஏத்த மாதிரி விளையாடுவினம்," எண்டார் தலைவர். கேட்ட மனுசன் தலையை ஆட்டிப்போட்டு ரோல்ஸைக் கடிச்சார்.

கேட்டது நானில்லை. நான் அந்த நேரம் எங்கட கொலிஜுக்கு வரப்போற பங்கில மனசுக்குள்ள கூரை போட்டுக்கொண்டு இருந்தன். ஊரில எங்கட நெற்போல் திடல் வெயிலுக்க கிடக்குது, அதுக்கொரு கூரை வேணுமெண்டு எத்தினையோ வருசத்து ஆசை. கூட்டத்தின்ர முடிவு இதுதான்: எட்டுப் பெரிய கொலிஜ் முதலாம் பிரிவு, முதலாம் கோர்ட். நாலு சின்னப் பள்ளிக்கூடம் இரண்டாம் பிரிவு, நாலாம் கோர்ட். ரெண்டும் மூண்டும் உடம்பைச் சூடாக்க. நாலாம் கோர்ட் கக்கூஸுக்குப் பக்கத்தில இருக்கு, அவையின்ர சத்தம் கமராவில விழாதெண்டு அங்க போட்டது. கை தூக்கச் சொன்னினம், தூக்கினன். அது மட்டுமோ, ஒப்பந்தத்தை ரைப் பண்ணினதும் நான்தான். அந்த ரெண்டு நிபந்தனையையும் சனல்காரர் ஒரு வரியில எழுதியிருந்தார், நான் அதை இறுக்கி மூண்டு வரி ஆக்கினன். எனக்கு அப்பிடியொரு கெட்டித்தனம்.

இனி அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேணும்.

ரெண்டு வருசத்துக்கு முதல் புதுசாய் ஒரு ரீமைப் பதிய வந்தவள். முப்பத்தஞ்சைத் தாண்டின வயசிருக்கும், கிரெய்கிபர்னில இருக்கிறாள், முதியோர் இல்லத்தில வேலை. நானும் வழக்கம் போல கேட்டன், எந்தப் பள்ளிக்கூடமெண்டு. ஒரு கடற்கரை ஊரின்ர பேரைச் சொன்னாள். நான் கேள்விப்படேல்ல.

"இப்ப எத்தினை பிள்ளையள் படிக்கினம்?"

"இப்ப பள்ளிக்கூடம் இல்லை அக்கா. சண்டையோட போனது. மிஞ்சின பிள்ளையளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தோட சேத்திட்டாங்கள்."

"பள்ளிக்கூடமே இல்லையெண்டா ரீம் எப்பிடி?"

"நாங்கள் ஒன்பது பேர் இஞ்ச இருக்கிறம்," எண்டாள்.

ஒண்டும் கேக்காமல் பதிஞ்சு குடுத்தன். அந்தப் பள்ளிக்கூடத்தின்ர பேர் இப்ப எழுத்தில இருக்கிறது அந்த ஒன்பது பேரின்ர ஊதாச் சட்டையில மட்டும்தான். ஒன்பதில எப்பவும் ரெண்டு மூண்டு பேருக்கு வேலை இருக்கும், ஒராள் கிளீனிங், ஒராள் கோழித் தொழிற்சாலை, மிச்சப் பேர் முதியோர் இல்லம். அவள்தான் கப்டன். சும்மா சொல்லக்கூடாது, ஆகக் கூட ஓட வேண்டிய சென்ரர் இடத்தில நிண்டு அவள் விளையாடினா கண்ணெடுக்க ஏலாது. ஆர் எங்க ஓடப் போகினமெண்டு அவையளுக்கு முதல் அவளுக்குத் தெரியும். எங்கட கொலிஜுக்கு இப்பிடி ஒண்டு கிடைக்கேல்லையே எண்டு எனக்கு வயிறு எரிஞ்சது.

புதுப் பிரிவு அறிவிச்சு ரெண்டு நாளால போன் எடுத்தாள். சண்டைக்குத்தான் எடுக்கிறாளெண்டு நானும் மறுமொழியளை அடுக்கி வைச்சுக்கொண்டு "ஹலோ" எண்டன். அவள் சண்டை பிடிக்கேல்ல.

"அக்கா, நாலாம் கோர்ட்டுக்குக் கமரா ஒண்டும் வராதோ?"

"இல்லையம்மா. ஒப்பந்தம் எழுதியாச்சு."

"நாங்களே போனில காட்டினா?"

"அதுவும் ஏலாது."

பிறகு, "அம்மா பாக்கிறவ அக்கா. அதுதான் கேட்டனான்," எண்டாள்.

அவள் அகதியாய்க் கப்பலில வந்த பிள்ளை. வந்து பத்து வருசத்துக்கு மேல. விசா இன்னும் தற்காலிகம், ஊருக்குப் போனா திரும்பி வரேலாது. தாய் அங்க, மகள் இஞ்ச. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் விசர்க் கேள்வி ஒண்டு கேட்டன்.

"வீடியோவில நாளாந்தம் கதைக்கிறாய்தானே பிள்ளை?"

"நானும் அதைத்தான் அம்மாட்டச் சொன்னனான். அவ சொல்லுறா, போனில நீ முகத்தை மட்டும் காட்டுவாய், நல்லா இருக்கிறன் எண்டுவாய், அதைக் கண்டு எனக்கென்ன தெரியும்? நீ ஓடுறதைப் பாத்தாத்தான் நல்லா இருக்கிறியோ இல்லையோ எண்டு தெரியும். வருசத்தில ஒருநாள் ஓடிக் காட்டு, காணும் எண்டு சொல்லுறா. போன ரெண்டு வருசமும் பாத்தவ. அதுக்குப் பிறகு கொஞ்ச நாள் நிம்மதியாய் இருப்பா."

"பாப்பம்" எண்டு சொல்லிப் போனை வைச்சன். குசினியில கறி அடிப்பிடிச்சுப் போச்சு. மனுசன் வந்து என்ன எரிஞ்சு மணக்குதெண்டு கேட்டார். "என்ர மூளை" எண்டன். அண்டைக்கு அந்தக் கறியைத்தான் ரெண்டு பேரும் சாப்பிட்டம்.

அடுத்த நாள் தலைவரோட சண்டைக்குப் போனன். "அண்ணை, ஒரே ஒரு கமராவை, ஒரே ஒரு மச்சுக்கு அங்கால திருப்பச் சொல்லுங்கோ. என்ன குடியோ முழுகிப் போகும்?"

"தங்கச்சி, நீங்கள் எழுதின ஒப்பந்தம்தானே," எண்டார் அவர், ரீயை ஆத்திக்கொண்டு. "இப்ப அவைக்குத் திருப்பினா மற்ற மூண்டும் கேக்கும். பிறகு முதலாம் பிரிவெண்டு எதுக்கு?"

தன் வினை தன்னைச் சுடும் எண்டு சும்மாவோ சொல்லி வைச்சினம். அமெரிக்காக்காரன் எங்கயோ எதையோ பிரிச்சானெண்டு, நாங்கள் கக்கூஸ் பக்கத்தில ஒரு பிரிவு உண்டாக்கி வைச்சிருக்கிறம். அவரிட்ட அதையும் சொன்னன். அவர் சிரிச்சார், நான் சிரிக்கேல்ல.

ஒரு கிழமையால சனல்காரர் சிட்னியில இருந்து எடுத்தார்.

"அக்கா, ஒரு புதினம். போன வருசம் எந்த மச்சைச் சனம் கூடப் பாத்ததெண்டு இண்டைக்குத்தான் தோண்டிப் பாத்தனான். பைனல் இல்லை. உங்கட பெரிய கொலிஜ் ஒண்டும் இல்லை. அந்த ஊதாச் சட்டைப் பிள்ளையள்."

"விளையாடாதேங்கோ தம்பி."

"மெய்யாய் அக்கா. பெரிய கொலிஜ் ஆக்களுக்குப் பாக்க எவ்வளவோ இருக்கு. ரொறன்ரோவில ஒரு விழா, லண்டனில ஒரு விழா, எல்லாத்திலயும் கொடி பறக்குது. அந்த ஊர் ஆக்களுக்கு உலகத்திலயே இது ஒண்டுதான். பாரிஸ், சுவிஸ் எண்டு சிதறிக் கிடக்கிற சனமெல்லாம் அந்தப் பேரைத் திரையில பாக்க வந்திருக்கு. விளம்பரக்காரர் இப்ப அந்த ரீமைக் கேக்கினம். அவையை முதலாம் பிரிவுக்கு ஏத்துங்கோ. அந்தச் சங்கத்துக்குத் தனியாய் ஒரு பங்கும் தாறன்."

எனக்குப் பிடிபடாத புழுகம், துள்ளாத குறை. "எங்கட திடலுக்குக் கூரை போட வேணும், அடுத்தடுத்த வருசம் இன்னும் கூடத் தருவீங்களோ?" எண்டு கேட்டும் போட்டன்.

"அக்கா, உள்ளதைச் சொல்லுறன், இந்தக் காசை நம்பிக் கூரை போடாதேங்கோ. சனம் எங்க பாக்குதோ விளம்பரம் அங்க போகும். நாளைக்கு அதுகள் வேற எதையும் பாத்தா நான் திரும்பவும் கராஜுக்குள்ள கலியாண வீடியோ வெட்டிக்கொண்டு இருப்பன்," எண்டார். அந்தாளில எனக்கு மரியாதை வந்தது அண்டைக்குத்தான்.

போனில சொல்லாமல் நேரில சொல்ல வேணுமெண்டு கிரெய்கிபர்னுக்கு வெளிக்கிட்டன். ரோவிலில இருந்து அது மெல்பேணின்ர ஒரு மூலையில இருந்து மற்ற மூலை. அவள் வருசா வருசம் இந்தத் தூரம் வந்து விளையாடினவள், நான் ஒருக்காலும் அந்தப் பக்கம் போனதில்லை. வேலையால வந்து உடுப்பும் மாத்தாமல் நிண்டாள். இஞ்சி போட்ட ரீ தந்து, கதிரையை எனக்கு விட்டிட்டுத் தான் சுவரோட சாஞ்சு நிண்டாள்.

"இரன் பிள்ளை."

"இல்லை அக்கா, நாள் முழுக்க இருந்து களைச்சிட்டன்."

நான் விசயத்தைச் சொன்னன். முகம் அப்பிடியே மலர்ந்தது. பிறகு, "மற்ற மூண்டு பள்ளிக்கூடமும்?" எண்டு கேட்டாள்.

"அவை நாலாம் கோர்ட்டிலதான். உங்களை மட்டும்தான் கேக்கினம்."

ரீக் கோப்பையை யன்னல் கட்டில வைச்சாள். "அப்ப வேண்டாம் அக்கா."

எனக்கு ஏறிச்சுது பாருங்கோ! "உனக்கென்ன பைத்தியமே? நான் இந்த ஒரு கிழமையாய் நித்திரை கொள்ளேல்ல உன்ர கொம்மாவை நினைச்சு. தலைவரோட முகம் முறிச்சுப் போட்டு வாறன். பெற்றோலையும் எரிச்சுக்கொண்டு இஞ்ச வந்து வெத்திலை வைச்சுக் கூப்பிடுறன், நீ வேண்டாமெண்டுறாய்!"

அவள் குரலை உயர்த்தேல்ல. "அக்கா, போன வருசம் ரெண்டாவது மச்சுக்கு எங்களில நாலு பேர்தான் வந்தது. மிச்சப் பேருக்கு வேலையில விடுமுறை குடுக்கேல்ல. ஏழு பேர் விளையாடுற இடத்தில அஞ்சு பேராவது இல்லையெண்டா மச்சை விட்டுக் குடுக்க வேணும். பக்கத்து ரீம், அதுவும் எங்களோட விளையாட வந்த ரீம், தங்கட ஆக்களில ரெண்டு பேருக்கு எங்கட ஊதாச் சட்டையைப் போட்டு விட்டினம். அதுகள் தங்கட ரீமுக்கு எதிரா மூச்சு வாங்க ஓடினதுகள். அம்மா பாத்த மச் அதுதான். இப்ப அவையைக் கக்கூஸ் பக்கத்தில விட்டிட்டு நான் கமராவுக்கு முன்னால போய் நிண்டா, அம்மாவே கேப்பா, அந்தப் பிள்ளையள் எங்கயெண்டு. நான் என்ன சொல்ல?"

பட்டியல் போடுறவள் நான். அப்பிடி ஒண்டு என்ர மூக்குக்குக் கீழ நடந்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சட்டம் கதைச்சு அந்த மச்சை நிப்பாட்டியிருப்பன், அதுதான் வெக்கம்.

திரும்பி வரேக்க காருக்குள்ள தனியச் சத்தம் போட்டன். அவளைத் திட்டினன், தலைவரைத் திட்டினன், ட்ரக்குக்காரன் ஒருத்தனையும் சேத்துத் திட்டினன். பிறகு கோபம் இறங்கின இடத்தில வேற ஒண்டு வந்து இருந்துகொண்டுது. எங்கட கொமிட்டியில எல்லாரும் படிச்ச ஆக்கள், டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன். ஒரு பிடி காசைக் கண்ட உடன அரை மணித்தியாலத்தில பன்னிரண்டை எட்டும் நாலுமாய் வெட்டினம். இந்தப் பிள்ளைக்கு வேணுமெண்டது உலகத்தில ஒரே ஒரு விசயம், தாய் ஒருக்கால் பாக்க வேணும். அதைக் கையில கொண்டுபோய்க் குடுக்க, எண்ணிப் பாத்து, மூண்டு ரீம் குறையுதெண்டு திருப்பித் தந்திட்டாள். எனக்கு வேணுமெண்டா கும்பிடலாம் போல இருந்தது. அப்பிடி ஒரு ஆளை நான் என்ர கொலிஜிலயும் காணேல்ல, கோயிலிலயும் காணேல்ல.

அந்தக் கிழமை மேசையில இருந்து அம்பயர் பட்டியல் போட்டன். பைனல் எண்ட வரியில பேனை நிண்டிட்டுது. பைனலுக்கு அம்பயர் ரெண்டு பேர், பக்கம் சாராத பள்ளிக்கூடத்தில இருந்து வர வேணும். முதலாம் பிரிவில எந்த ரெண்டு கொலிஜ் பைனலுக்கு வருமெண்டு தெரியாது, ஆனபடியால் இரண்டாம் பிரிவில இருந்து எடுக்கிறதுதான் முறை. அவளோ போன வருசம் இஞ்சத்தைய அம்பயர் சோதினையும் பாஸ் பண்ணினவள். நெற்போலில அம்பயரும் கோட்டோரமாய் மச் முழுக்க ஓட வேணும்.

ஒப்பந்தத்தை எடுத்து, நான் இறுக்கி எழுதின மூண்டு வரியையும் திருப்பித் திருப்பி வாசிச்சன். ரீமைப் பற்றி இருக்கு, கமராவைப் பற்றி இருக்கு, கைப்போனைப் பற்றி இருக்கு. அம்பயரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. என்ர கெட்டித்தனத்தில கிடந்த ஓட்டையைக் கண்டு அண்டைக்குத்தான் சந்தோசப்பட்டன். அவளின்ர பேரை எழுதி, கமராவுக்கு நேர் எதிர்ப்பக்கக் கோட்டையும் அவளுக்கே போட்டன்.

விளையாட்டு நாள் காலமை அவளைப் பிடிச்சுச் சொன்னன். "பைனலுக்கு நீதான் அம்பயர். முதலாம் கோர்ட். பின்னேரம் நாலு மணி, ஊரில அப்ப காலமை. அம்மாவை ரிவிக்கு முன்னால இருக்கச் சொல்லு."

அவள் என்னை ஒரு மாதிரிப் பாத்தாள். "அக்கா, ஓட வேணுமே?"

"பின்ன? அம்பயர் கதிரையில இருந்தோ விசில் அடிக்கிறது?"

சட்டையை இழுத்து விட்டாள். கூச்சமாக்கும் எண்டு நினைச்சன். "சரி அக்கா. ஓடுறன்," எண்டாள்.

நாலாம் கோர்ட்டில அவையின்ர மச்சுகளை இடைக்கிடை போய்ப் பாத்தன். இந்த முறை அவள் சென்ரரில நிக்கேல்ல, கோல் கீப்பராய்ப் பின்னுக்கு நிண்டாள். அங்க நிண்டா ஓட்டம் குறைவு. இளசுகளுக்கு முன்னுக்கு இடம் விடுறாளெண்டு, அதையும் அவளின்ர நல்ல குணத்தில சேத்து மெச்சினன். ஒரு மச் வெண்டினம், ரெண்டு தோத்தினம். நாலு சின்னப் பள்ளிக்கூடமும் ஒரு பாயில இருந்து ஒரு சட்டிச் சோத்தைச் சாப்பிட்டினம். முதலாம் கோர்ட் பக்கத்தில எட்டுக் கொலிஜுக்கும் எட்டுக் கூடாரம்.

பைனலுக்கு வந்தது எங்கட கொலிஜும், பரம்பரை பரம்பரையாய் எங்களோட மல்லுக்கட்டுற கொலிஜும். அம்பயராய் வந்தவளுக்கு வெள்ளைச் சட்டை, கணுக்கால் வரை நீண்ட கறுப்பு ரைற்ஸ், கழுத்தில விசில். பத்து வருசம் அம்பயராய் இருந்தவள் மாதிரி வந்து நிண்டாள். வர்ணனை செய்த பெடியன் என்னட்ட ஓடி வந்து, "அன்ரி, அந்த அம்பயர் என்ன ஸ்கூல்?" எண்டு கேட்டான். ஊரே கேக்க அந்தப் பேரைக் கத்திச் சொன்னன். மைக்கில அந்தப் பேர் ரெண்டு தரம் போச்சு. சனல்காரர் லப்ரொப்பைத் தூக்கிக் காட்டினார், "அக்கா, அம்பயரைக் காட்டுங்கோ, அம்பயரைக் காட்டுங்கோ எண்டு வந்து குவியுது! பந்தை ஒருத்தரும் பாக்கினமில்லை!"

அவள் ஓடினாள். பந்தோட போய்ப் பந்தோட வந்தாள், ஒரு விசிலும் பிந்தேல்ல, ஒரு விசிலும் வீணாகேல்ல. கடைசிக் கால்வாசி நேரம் ரெண்டு பக்கமும் சரிக்குச் சரி. நேரம் முடியப் போகுது, எங்கட கோல் சூட்டரின்ர கையில பந்து, வளையத்துக்குக் கிட்ட. அந்தச் சூட்டர் எறிய முதல் விசில் ஊதிச்சுது. பந்தோட நிக்கேக்க ஊண்டின காலை இழுத்து வைச்சிட்டாளாம், சட்டப்படி அது பிழை. பந்து மற்றப் பக்கம் போச்சு, அவையள் கொண்டு போய்ப் போட்டினம், மச் முடிஞ்சுது. ஒரு கோலால தோத்தம்.

"அடி பாவி!" எண்டு கத்தினன். நானே இழுத்துக்கொண்டு வந்து நிப்பாட்டின அம்பயர்!

பக்கத்தில தலைவர், "நீங்கள் போட்ட பட்டியல்தானே தங்கச்சி," எண்டார்.

காலை இழுத்து வைச்சது மெய்தான். நானும் கண்டனான். அவளுக்கு இந்த விசிலை அடிக்கிற இடத்தைக் குடுத்தது நான், அடிக்கேக்க என்ர பக்கம் ஒருக்காலும் திரும்பேல்ல. கப்பும் போச்சு, சனல்காரர் சொன்னபடி கூரையும் இனிப் பாத்துத்தான். ஆனா தோத்துப் போய் இவ்வளவு பெருமைப்பட்டது என்ர சீவியத்தில அண்டைக்குத்தான்.

எல்லாரும் பரிசளிப்புக்குப் போக, அவள் கூடாரத்துக்குப் பின்னால போய்த் தகர வாங்கில இருந்தாள். நானும் பின்னால போனன். உள்ளதைச் சொன்னா, நன்றி வாங்கத்தான் போனனான். போன் அடிச்சுக்கொண்டு இருந்தது. தாய்தான். எனக்கும் கேக்கட்டும் எண்டு சத்தத்தைக் கூட்டி விட்டாள்.

"பாத்தீங்களோ அம்மா?"

"பாத்தன், பாத்தன். அயலட்டை எல்லாம் வந்திருந்து பாத்தது. எங்கட பள்ளிக்கூடத்தின்ர பேரை ரெண்டு தரம் சொன்னாங்கள்." நான் கண்ணைத் துடைச்சுக்கொண்டன். பிறகு தாயின்ர குரல் அப்பிடியே மாறிச்சுது.

"இடக்காலை என்னத்துக்கு இழுக்கிறாய்?"

"இழுக்கேல்லையே அம்மா."

"எனக்குச் சொல்லாதை. திரும்பேக்க எல்லாம் வலக்காலை ஊண்டித்தான் திரும்பினாய். எத்தினை நாளாய் இது?"

அவள் என்னைப் பாத்தாள், நிலத்தைப் பாத்தாள். "மூண்டு மாசம். வேலையில ஒரு கிழவரைத் தூக்கேக்க முழங்கால் பிரண்டு போச்சு. சொன்னா நீங்கள் யோசிப்பீங்கள் எண்டு."

காலை மடக்கி இருக்க ஏலாமல் சுவரோட சாஞ்சு நிண்டது, கோல் கீப்பராய் நிண்டது, "ஓட வேணுமே" எண்டு கேட்டது, எல்லாம் எனக்கு அப்பத்தான் விழுந்துது. முதியோர் இல்லத்தில ஆர் நாள் முழுக்க இருந்து வேலை செய்யினம்? ஒண்டும் விளங்காமல் பக்கத்தில நிண்டு மெச்சிக்கொண்டு இருந்தன் நான். நாலு கால்வாசியும் அவளை ஓட விட்டுக் கை தட்டினது நான்.

"முகத்தைக் காட்டினது காணும்," எண்டா தாய். "முழங்காலைக் காட்டு."

அவள் ரைற்ஸை மெல்ல மெல்ல மேல உருட்டினாள். பிறகு போனை முகத்தில இருந்து எடுத்து, கீழ இறக்கிப் பிடிச்சாள். முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கி இருந்தது. நான் ஐஸ் எடுக்க ஓடினன்.